ஒன்பதாம் காட்டில் பதினோரு துணி

நான் இப்போது சொல்லப்போகும் கதையைப் பல வருடமாக நம்பவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பாமலே அதைத் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஒரே ஆள் இரண்டையும் எப்படிச் செய்வான் என்று கேட்காதீர்கள். முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டத்தில் பீல்டு ஆபீசராக இருந்து பாருங்கள், தெரியும்.

உட்காருங்கள். ரோட்டில் விழுந்து கிடக்கிற மரத்தை அறுத்து எடுக்க ஒரு மணி நேரமாவது ஆகும். கண்டக்டர் பத்து நிமிஷம் என்கிறார். இந்த மலைப்பாதையில் கண்டக்டர் சொல்லும் பத்து நிமிஷத்தை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வளைந்த கம்பியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், என் காலில் குத்துகிறது. பாம்புக் கம்பிதானே? பொள்ளாச்சியில் நீங்கள் ஏறும்போதே கண்டுகொண்டேன். ரப்பர் பூட்ஸ், கேமரா, கம்பி. குழிவிரியன் பார்க்கப் போகிறீர்கள்.

மழை பிடித்ததும் வருடா வருடம் உங்களைப் போல நாலு பேர் வருவார்கள். ஒரு செடிக்கு முன்னால் முழங்கால் போட்டு இரண்டு மணி நேரம் இருப்பார்கள். மாதா கோயிலில்கூட அவ்வளவு நேரம் யாரும் முழங்கால் போட்டு நான் பார்த்ததில்லை.

அந்தப் பாம்பு அதற்குத் தகுதியானதும் இல்லை. தப்பாக நினைக்காதீர்கள். நாகம் என்றால் படம் எடுக்கும், சீறும், வராதே என்று சொல்லும். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. இது என்ன செய்கிறது? ஒரே கிளையில் சுருண்டு உட்கார்ந்திருக்கிறது. இன்று பார்த்தால் அங்கே. அடுத்த வாரம் போய்ப் பார்த்தாலும் அங்கே. தவளை தானாக வாய்க்கு எதிரே வரும் வரைக்கும் அசையாது. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு குழி, அதில் சூடு தெரியும் என்று உங்களைப் போல ஒருவர்தான் எனக்குச் சொன்னார். மனிதக் கை வந்தாலும் அதற்கு அது ஒரு சூடு, அவ்வளவுதான். யார் கை என்று பார்க்காது. கடித்துவிட்டு ஓடவும் செய்யாது. அதே கிளையில் திரும்ப உட்கார்ந்துகொள்ளும். இதற்குப் போய் முழங்கால்.

எங்கள் கரடிப்பாறை எஸ்டேட்டில் ஒன்பதாம் காடு என்று ஒன்று. காடு என்றால் தேயிலைக் காடு, நம்பர் போட்டுச் சொல்வோம். ஒன்பதுக்கு மேல்பக்கம் சோலை, கீழ்ப்பக்கம் ஓடை. எப்போதும் மஞ்சு, பனிமூட்டம். மழைக்காலத்தில் சோலையிலிருந்து குழிவிரியன் இறங்கித் தேயிலைச் செடியில் வந்து உட்காரும். இலையும் பச்சை, அதுவும் பச்சை. கொழுந்து எடுக்கிற பெண்கள் கண்ணை விட விரலைத்தான் நம்புவார்கள், விரல் போகிற வேகத்துக்குக் கண் போகாது.

அதற்கு அவர்களே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பாம்பைப் பார்த்தால் அடிக்க மாட்டார்கள். பார்த்தவள் தன் தலைத்துணியில் ஒரு கீற்று கிழித்து அந்தச் செடியின் உச்சியில் கட்டிவிடுவாள். அந்தச் செடியை யாரும் தொட மாட்டார்கள். பாம்பு போய்விட்டது என்று பார்த்து, கட்டியவள்தான் அவிழ்க்க வேண்டும். வேறு யாரும் அவிழ்க்கக் கூடாது. எழுதி வைக்காத சட்டம். நான் அதைக் கந்தல் சட்டம் என்பேன்.

எனக்கு அதில் எரிச்சல். பறிக்காத செடி ஒரே வாரத்தில் மற்றதை விட மேலே எழும்பிவிடும். தேயிலைக் காடு மேசை விரித்த மாதிரி இருக்க வேண்டும். நடுவில் அங்கங்கே ஒரு மேடு, மேட்டுக்கு மேலே ஒரு கந்தல். கம்பெனியிலிருந்து வருடம் ஒருமுறை பெரிய துரை வருவார். எங்கள் மேனேஜரையே துரை என்போம், அவருக்கும் மேலே இவர். ஒருமுறை ஒன்பதாம் காட்டில் நின்று, "என்னய்யா, துணி காயப் போட்டிருக்கீங்களா?" என்று என்னைக் கேட்டார். கூட வந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். எங்கள் துரையும் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு வருடம் என்னைத் தின்றது.

சரி, கதைக்கு வருகிறேன். பதினெட்டு வருடத்துக்கு முன்னால், ஜூலை மாதம், ஒரு புதன்கிழமை. காலை எட்டரை மணி. அன்று பதினோரு மணிக்குப் பெரிய துரை வருகிறார். அதற்குள் ஒன்பதாம் காட்டை ஒரு செடி விடாமல் எடுத்து முடிக்க வேண்டும். நான் பைக்கில் ரோட்டுக்கு வந்தபோதே கூச்சல் கேட்டது. வெள்ளத்தாய் என்று ஒருத்தி, முப்பத்தைந்து வயது இருக்கும், புருஷன் இல்லை, ஒரு மகள். எங்கள் காட்டிலேயே வேகமான கை. அவள் வலது சுட்டுவிரலில் கடி. கை அதற்குள் மொழுமொழுவென்று வீங்கிவிட்டது. கங்காணி மிக்கேல் தன் துண்டால் முழங்கைக்குக் கீழே ஒரு கட்டுப் போட்டிருந்தான். சும்மா பேருக்கு ஒரு கட்டு. இவனுக்கு எதுவும் உருப்படியாகச் செய்ய வராது. நான்தான் அதை அவிழ்த்து, என் மழைக்கோட்டுக் கயிறால் இறுக்கிக் கட்டினேன். லாரியில் ஏற்றி அனுப்பினேன். நான் போக முடியாது, பெரிய துரை வருகிறார் அல்லவா.

பதினோரு மணிக்கு வந்தார். காட்டைப் பார்த்தார். "கம்பளம் மாதிரி இருக்கு" என்றார். என் தோளில் தட்டினார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்ன வயது. "யார் இப்படிக் கட்டினது? இந்தப் பாம்பு கடிச்சா சாவு அபூர்வம். நீங்க கட்டின கட்டுதான் விரலை எடுத்துருச்சு" என்றார். காட்டு ஆட்கள் கட்டியிருப்பார்கள் என்று சொன்னேன். அவர் திட்டிய திட்டில் வேறு என்ன சொல்வது? சுட்டுவிரல் போயிற்று. நடுவிரல் மடங்காது. கொழுந்து எடுக்கிறவளுக்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும்தான் கை. மற்றதெல்லாம் சும்மா.

அவள் அழவில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "பாம்பு மேல எனக்குக் கோவமில்லீங்க ஐயா. அது உக்காந்த எடத்துல உக்காந்திருந்துச்சு" என்றாள். பிறகு, "நாலு நாள் முன்ன நாந்தான் அதைப் பாத்தேன். நாந்தான் துணி கட்டினேன். மஞ்சத் துணி, கருப்புப் புள்ளி. துணி இல்லாத செடி, பாம்புச் செடி வேற எங்கயோன்னு நெனச்சுத்தான் கை வச்சேன். துணி எங்க போச்சுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க ஐயா."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

விசாரணை வெள்ளிக்கிழமை, ஆபீசில். துரை, நான், மிக்கேல் கங்காணி. மற்றப் பெண்களையும் கூப்பிடலாமா என்று துரை கேட்டார். அவர்கள் வந்தால் பத்துப் பேர் பத்துக் கதை சொல்வார்கள், கங்காணி போதும் என்றேன். துரை மிக்கேலைப் பார்த்து, "துணி கட்டின செடியில அவ எப்படிக் கை வச்சா?" என்று கேட்டார்.

மிக்கேல் என்னை ஒருமுறை பார்த்தான். அவன் பயந்தாங்கொள்ளி, துரை முன்னால் நின்றால் வார்த்தை வராது, எடுத்துக் கொடுக்க ஆள் தேடுகிறான் என்று நினைத்தேன். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தாளைப் பார்த்தேன்.

"அவளே கட்டினா துரை, அவளே அவுத்தா" என்றான். "பாம்பு போயிருச்சுன்னு நெனச்சுட்டா. செடியில கொழுந்து கனமா நின்னுச்சு. ஆசை."

இதுதான் நான் சொன்ன அந்தக் கதை. நான் நம்பாத கதை. அவளே கட்டினாள், அவளே அவிழ்த்தாள். அவர்கள் வழக்கத்துக்கும் பொருந்துகிறது பாருங்கள். கட்டியவள்தானே அவிழ்க்க வேண்டும். பொய் சொல்வதிலாவது அந்தாளுக்குக் கொஞ்சம் மூளை இருந்தது. 'தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு' என்று எழுதினேன். துரை கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன்.

சொந்தக் கவனக்குறைவு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. வேலையில் அடிபட்டவளுக்குப் பிள்ளைக் காப்பகத்தில் ஒரு வேலை கொடுப்பார்கள், தொட்டில் ஆட்டுகிற வேலை. தன் தப்பால் அடிபட்டவளுக்கு அது கிடையாது. கொழுந்து எடுக்க முடியாது, வேறு வேலையும் கிடையாது என்றால் பெயர் வெட்டுப்படும். பெயர் வெட்டுப்பட்டால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி பண்ண வேண்டும். அந்த வீட்டில்தான் அவள் பிறந்தாள். அவள் அம்மா செத்ததும் அங்கேதான்.

நான் என்ன செய்ய முடியும்? விதி அது. நான் போட்ட விதியா?

அக்டோபரில் போனாள். போகும் முன் வீட்டைக் கழுவி வாசலில் சாணி தெளித்திருந்தாள். யார் வரப்போகிறார்களோ அவர்களுக்காம். சாவியைக் கொடுக்க என்னிடம் வந்தாள். "எடது கையால குடுக்கிறேன், கோவிச்சுக்காதீங்க ஐயா" என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். "அந்தத் துணியைப் பத்திக் கேட்டீங்களா?" என்றாள். விசாரணையில் இருக்கிறது என்றேன். விசாரணை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. திருப்பூரில் அக்கா வீடு இருக்கிறது என்று போனாள். பிறகு எனக்குத் தெரியாது.

அப்போதிருந்தே எனக்குச் சந்தேகம். செடி வெட்டும் கவாத்து நடக்கும்போது நினைப்பேன், சாப்பிடும்போது நினைப்பேன். பாம்பைப் பார்த்தவள் அவள். அது வாரக்கணக்கில் அசையாது என்று எங்கள் எல்லோரையும் விட அவளுக்குத் தெரியும். நாலே நாளில் துணியை அவிழ்ப்பாளா? சரி, அவிழ்த்தாள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் துணி எங்கே? அவள் கூடையில் இல்லை. மடியில் இல்லை. இதை நான் அன்றே யோசித்தேன். யோசித்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். வேறு ஆளாக இருந்தால் அதைக்கூடச் செய்திருக்க மாட்டான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒன்பதாம் காட்டில் இருந்த பழைய கொழுந்து நிறுக்கும் கொட்டகையைப் பிரித்தார்கள். தகரத்தை எடுத்ததும் விட்டத்தில் ஒரு யூரியா சாக்கு இருந்தது. உள்ளே துணிக் கீற்றுகள். பதினொன்று. எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் முடிச்சு முடிச்சாகவே இருந்தது. யாரும் அவிழ்க்கவில்லை. கவாத்துக் கத்தியால் ஒரே வெட்டு. அதில் ஒன்று மஞ்சள், கருப்புப் புள்ளி.

அன்றுதான் எனக்கு உறுதியாயிற்று. மிக்கேல் பொய் சொல்லியிருக்கிறான். துணியை எல்லாம் வெட்டியது அவன். பழியைப் போட்டது ஒரு விதவை மேல். பதினாறு வருடம் ஒரு பொய்யனின் வார்த்தையை என் கையெழுத்தோடு சேர்த்து நான் சுமந்திருக்கிறேன். எனக்கு எவ்வளவு அவமானம், யோசித்துப் பாருங்கள்.

என்ன கேட்டீர்கள்? மிக்கேல் எதற்காக வெட்டினான் என்றா?

பரவாயில்லை. பாம்பு பார்க்க வருகிறவர்களில் கேள்வி கேட்கிற ஆள் நீங்கள்தான்.

நான்தான் சொன்னேன். அந்தப் புதனுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அதே கொட்டகையில், நிறுவை முடிந்து பெண்கள் எல்லோரும் போன பிறகு. நாளை பதினோரு மணிக்குக் காட்டில் ஒரு கந்தல் தொங்கக் கூடாது, ஒரு செடி எழும்பி நிற்கக் கூடாது என்றேன். காட்டைச் சுத்தமாக வை என்று ஒரு ஆபீசர் கங்காணியிடம் சொல்வது குற்றமா? பாம்பு இருக்கிற செடியில் கை வை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை.

அவன் தலையைச் சொறிந்தான். "ஐயா, துணியை அவுத்துட்டா எந்தச் செடின்னு எப்படித் தெரியும்? பதினோரு செடி இருக்கு" என்றான்.

"உனக்குச் சாமி பெரிய துரையா, பாம்பா? எது சாமின்னு இப்பவே சொல்லிரு" என்றேன்.

நல்ல பதில் என்று அப்போது நினைத்தேன். அவனும் சிரித்தான். சிரித்தான் என்றுதான் நினைவு.

அந்த யூரியா சாக்கு இரண்டு வருடம் என் வீட்டு அலமாரியில் இருந்தது. எதற்கு இந்தக் குப்பை என்று என் மனைவி இரண்டு முறை கேட்டாள். ஆபீஸ் சாமான் என்றேன். மிக்கேலைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பேன். லீவு கிடைக்காது. கிடைத்தால் மழை.

போன மாதம் உங்கள் ஆட்கள் வந்தார்கள். பாம்பு ஆராய்ச்சி. ஒன்பதாம் காட்டில் குழிவிரியன் இருக்கிற செடியில் எல்லாம் நம்பர் போட்ட சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். சோலை ஓரத்தில் பலகை வைத்தார்கள். ரிப்பனை யாரும் அகற்றக் கூடாது, அந்தச் செடிகளில் கொழுந்து எடுக்கக் கூடாது என்று கம்பெனியிலிருந்தே தாள் வந்தது. காலையில் பெயர் கூப்பிடுகிற இடத்தில் நின்று அதை வாசித்தது யார்? நான்தான். வாசித்து முடித்ததும் ராக்கு என்று ஒருத்தி, அவளும் ஓய்வு பெறும் வயதுதான், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "வெள்ளத்தா கட்டினது மஞ்ச. இது செவப்பு. இதுக்குத் தாள் வருது."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி மெதுவாக.

அதனால்தான் இன்று பொள்ளாச்சி போனேன். மிக்கேல் மகள் வீட்டில் இருக்கிறான். எழுபத்தெட்டு வயது. சர்க்கரையில் ஒரு காலில் பாதம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். "உக்காரு, உக்காரு" என்றேன். "ஐயா வந்திருக்காரு, தேத்தண்ணி போடும்மா" என்று உள்ளே குரல் கொடுத்தான். அந்த வீட்டில் என்னை ஐயா என்று சொல்ல அவனுக்கு எந்த அவசியமும் இல்லை.

நான் போட்டு வைத்திருந்த திட்டம் வேறு. சாக்கை அவன் முன்னால் கொட்டுவேன். பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொல்வேன். அவன் அழுவான். நான் பஸ் ஏறுவேன். வழி நெடுக இதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

சாக்கைக் கொட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். மஞ்சள் கீற்றை மட்டும் எடுத்து முழங்காலில் வைத்து நீவினான்.

"பதினொண்ணும் இருக்கா ஐயா?"

"இருக்கு. எதுக்கு எடுத்து வச்ச?"

"பெரிய துரை போனதும் திருப்பிக் கட்டிரலாம்னுதான். அவருக்குக் கண்ணுல படக் கூடாது, அவ்வளவுதானே. வெட்டும்போது மனசுல கணக்கு வச்சிட்டுத்தான் வெட்டினேன். இந்த மரத்துலருந்து நாலாவது செடி, பாறைக்குப் பக்கத்துச் செடின்னு. வெட்டி முடிச்சுத் திரும்பிப் பாத்தா எல்லாச் செடியும் ஒண்ணுபோல நிக்குது. மஞ்சு வேற." முடிச்சை விரலால் உருட்டினான். "அவ வரிசையை மட்டும் மாத்தி விட்டேங்க ஐயா. மேல் வரிசைக்கு. அவ கட்டின செடி கீழ் வரிசைன்னு நெனச்சுட்டேன்."

மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். கீழே கிடந்த துணிகளைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும் போலிருந்தது. அவன் இதை யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"குடிங்க ஐயா, ஆறிரும்" என்றான் மிக்கேல்.

பொய்யன் என்று சொல்லத்தான் போனேன். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. ஆனால் எனக்கு நினைவுக்கு வந்தது ஆபீசில் அவன் என்னைப் பார்த்த அந்த ஒரு பார்வை. எடுத்துக் கொடுக்க ஆள் தேடுகிறான் என்று நினைத்தேன் அல்லவா, அது.

அதோ, மரத்தை இழுத்துவிட்டார்கள். ஆட்கள் ஏறுகிறார்கள். நீங்கள் அந்தக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் காட்டுக்குப் போகும்போது ரிப்பனைத் தொடாதீர்கள், தாள் வந்திருக்கிறது.

பொய்யன் என்று சொல்லாமல் அவனிடம் என்னதான் சொன்னேன் என்கிறீர்களா? இதைத்தான் கேட்டேன். தேநீரைத் தொடாமல், அவனைப் பார்க்காமல், அவன் முழங்காலில் இருந்த மஞ்சள் துணியைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்:

"மிக்கேல், அன்னிக்குத் துரை கேட்டப்ப, ஐயா சொல்லித்தான் வெட்டினேன்னு ஒரு வார்த்தை நீ ஏன் சொல்லல?"